ஆறாவது ஆள்

ஜூன் 4

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய், நலமில்லை என்று எழுதினால் அம்மா அழுவாள். ஆகவே இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? குழந்தைகளுக்குப் பெரியம்மா முகம் ஞாபகம் இருக்கிறதா? நீ எழுதி ஒன்றரை மாதம் ஆகிறது. மிஷின் மிதிக்கிற காலுக்கு ஓய்வில்லை, ஒப்புக்கொள்கிறேன். கைக்கு என்ன கேடு?

போன் பேசினால் என்ன என்று மறுபடியும் கேட்காதே. இந்த வீட்டில் இருக்கிற ஒரே போன் அத்தையின் இடுப்புப் பையில் இருக்கிறது. கடிதம் எழுதுவது மட்டும்தான் இங்கே மரியாதையான காரியம். பிரெஞ்சு வீதி மருமகள் கையில் உறையோடு தபால் பெட்டி வரைக்கும் நடந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். போக நூற்று நாற்பது அடி, வர நூற்று நாற்பது அடி. அதற்கு மேல் போனால் ஜன்னல்கள் திறக்கும்.

போன வாரம் கணக்கெடுப்புக்காரி ஒருத்தி வந்தாள். பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்களும் பர்மா வம்சாவளிக் குடும்பங்களும் இன்று எந்த நிலைமையில் வாழ்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்து அறிக்கை எழுதப்போகிறார்களாம். உங்கள் லைன் வீடுகளுக்கும் வருவாள். அன்று காலை நீ இங்கே இருந்திருக்க வேண்டும். வெள்ளை மேசைவிரிப்பு வெளியே வந்தது, கிழிந்த பக்கம் சுவரைப் பார்த்து. பீங்கான் கோப்பைகளில் கைப்பிடி உடையாதவை மூன்று, அவை மட்டும் தட்டில் ஏறின. இந்த வீட்டில் பதினொரு அறை. அதில் நாலில்தான் மனிதர் படுக்கலாம், மற்றதெல்லாம் ஒழுகுகிறது. அந்த ஏழு அறையையும் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, விருந்தினர் அறைகள் என்று சொல்லிவிட்டாள் அத்தை. நாத்தனார் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். இரண்டு பேரும் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குத்தானே தெரியும்.

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லைம்மா. அப்படியே எழுதிக்கோ" என்றாள் அத்தை. அவளும் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதும் அத்தை குடும்பப் புத்தகத்தை எடுத்தாள். இந்த வீதியில் அதுதான் வேதம். கொள்ளுத்தாத்தா நியமனக் கடிதத்தோடு கப்பலின் மேல்தட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து பிறந்தவர், செத்தவர், கட்டிக்கொண்டவர் எல்லாரும் அதில் உண்டு. அத்தை, நாத்தனார், வெளிநாட்டில் இருக்கும் மகன் என்று மூன்று பெயரை வாசித்தாள். நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இவங்க யாரு என்று அவள் கேட்டாள். "அவ பேரு இன்னும் புத்தகத்துல ஏறல" என்றாள் அத்தை. கணக்கெடுப்புக்காரி ஒரு நிமிடம் யோசித்து ஏதோ எழுதினாள். தலைகீழாக வாசிக்க எனக்கு வரும், சட்டைக்கு லேபிள் தைத்து வளர்ந்த கண் அல்லவா. 'வேலையாள்: ஒருவர்.' கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இந்த வீட்டின் அந்தஸ்தை நான்தான் ஒரு படி உயர்த்தியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து அவர் எழுதியிருக்கிறார். அவர் வேலை செய்கிற கிடங்கில் குடும்பம் உள்ளவர்களுக்கு வீடு கொடுக்கிறார்களாம். இந்த வருஷம் முடிவதற்குள் என் பெயர் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏற்றுவதற்கு, பிறந்த வீட்டுப் பதிவிலிருந்து என் பெயரை எடுத்திருக்க வேண்டும். நீ பதிவு அலுவலகத்துக்குப் போய் ஒரு மனு கொடுத்தால் போதும். ஒரு காலை நேர வேலை. செய்துவிடு, என் கண்ணு.

உன்
அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். அம்மாவும் குழந்தைகளும் என் வீட்டுக்காரரும் சுகம். அம்மாவுக்கு இரைப்பு கொஞ்சம் அதிகம். ஒரே அறையில் ஐந்து பேர், நாலு மிஷின். பறக்கிற பஞ்சு எல்லாம் அவள் நெஞ்சுக்குள்தான் போகிறது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு படுக்கிறாள்.

உன் கணக்கெடுப்புக்காரி இங்கேயும் வந்தாள். நீங்கள் கோப்பையை வெளியே எடுத்தீர்கள், நாங்கள் மிஷினை உள்ளே தள்ளினோம். இரண்டு மிஷின் கட்டிலுக்கு அடியில், ஒன்று குளியலறையில், ஒன்றின்மேல் பாயைப் போட்டு அம்மாவை உட்காரவைத்தோம். வேலை என்ன என்று கேட்டால் லைன் முழுக்க ஒரே பதில்தான், உனக்குத் தெரியாததா. தாத்தா ஒற்றைப் பெட்டியோடு பர்மாவிலிருந்து வந்து இறங்கியபோது, சம்பாத்தியம் இல்லாத குடும்பத்துக்குத்தான் அறை என்றார்கள். மூட்டை தூக்குகிறேன் என்று உண்மையைச் சொன்னவரை வெளியே அனுப்பினார்கள். அன்றிலிருந்து மூன்று தலைமுறையாக இந்த லைனில் யாரும் வேலைக்குப் போனதே கிடையாது. சின்னவள்தான் காலை வாரிவிட்டாள். "அம்மா மிஷினைக் கட்டிலுக்கு அடியில தூங்க வச்சிருக்காங்க" என்றாள். கணக்கெடுப்புக்காரி சிரித்துவிட்டு 'வேலையில்லை' என்றுதான் எழுதினாள். நல்லவள்.

இப்போது நீ கேட்ட காரியம். அக்கா, கோபப்படாதே. நம் லைனில் யார் பெயரையாவது எடுத்து நீ பார்த்திருக்கிறாயா? பதிவேட்டின்படி நம் வரிசையில் நூறு வயது தாண்டினவர்கள் எட்டுப் பேர். கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் இன்னும் பிறந்த வீட்டில்தான் படுத்துத் தூங்குகிறார்கள். எண்ணுகிற நாளில் தலை குறைந்தால் அடுத்த வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வோம், உப்பு வாங்குகிற மாதிரி.

பக்கத்து லைனை இடித்துவிட்டு நமக்கு மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். ஆறு பேர் இருந்தால் மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஜன்னலோடு. ஐந்து பேர் என்றால் கீழே ஒரே அறை, தண்ணீர் மோட்டார் பக்கத்தில். அக்கா, நாங்கள் ஐந்து பேர். நீ ஆறாவது. ஜூலை பதினெட்டாம் தேதி தலை எண்ணுகிறார்கள். வீடு கைக்கு வரட்டும், மறுநாளே உன் பெயரை எடுத்துவிடுகிறேன். வருஷம் முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன்
வாலு

ஜூலை 1

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. பாதியை நானாக இட்டுக்கட்டி வாசித்தேன். உன் வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஆறு மாதம் இருக்கிறது என்கிறாய். நீ பெயரை எடுத்த பிறகு அது இங்கே புத்தகத்தில் ஏறுவதற்கே மாதக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். உனக்கு மாடி, எனக்குக் கதவு. இரண்டுக்கும் ஒரே சாவி என்றால் நான் என்ன செய்வது?

இந்த வீட்டில் நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. சொல்கிறேன். காலையில் வாளிகளை எடுத்து ஒழுகுகிற அறைகளில் வைக்கிறேன். எந்த அறைக்கு எத்தனை வாளி என்று எனக்கு அத்துப்படி. பிறகு மூன்று பேருக்கான துணியைத் துவைக்கிறேன், இஸ்திரி போடுகிறேன். கிழிந்ததை, கிழிந்தது தெரியாமல் தைக்கிறேன். மத்தியானம் அத்தையின் அலமாரியைத் துடைக்கிறேன். அதன்பின் சாயங்காலம் வரைக்கும் முன் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், யாராவது வந்தால் ஆள் இருக்க வேண்டுமாம். யாரும் வருவதில்லை. தையல் வேலைக்குப் போகிறேன் என்று ஒரு தடவை கேட்டுப்பார்த்தேன். "பிரெஞ்சு வீட்டு மருமக கூலிக்குத் தைக்கப் போறாளா" என்று நாத்தனார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உங்கள் லைனில் வேலை செய்துகொண்டே வேலையில்லை என்கிறீர்கள். இங்கே சாப்பிடாமலேயே சாப்பிட்டோம் என்கிறார்கள். ஒரே கப்பல் கம்பெனிதான் இரண்டு கூட்டத்தையும் கொண்டுவந்து இறக்கியிருக்க வேண்டும்.

அவருக்கு மட்டும் அங்கே என்ன வாழ்கிறது. இங்கே இருந்தவரை அவர் பிரெஞ்சுக்காரர். அங்கே போய்ப் பெட்டி அடுக்குகிறார், வெளிநாட்டான் என்கிறார்களாம். ஆனாலும் அவர் இருக்கிற ஊரில் நான் வேலைக்குப் போகலாம். என் பெயரில் ஒரு கதவு இருக்கும், அதைத் திறந்து நான் தெருவில் இறங்கி நடக்கலாம். அவ்வளவுதான் எனக்கு வேண்டும். ஆறு வருஷமாக வேறெதுவும் கேட்கவில்லை.

பதினெட்டாம் தேதிக்கு முன்னால் என் பெயரை எடுத்துவிடு. அம்மாவின் காலைப் பிடித்துக் கேட்கிற மாதிரி உன்னைக் கேட்கிறேன்.

உன்
அக்கா

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மனம் போல எல்லாம் முடிந்தது. போய் மனு கொடுத்துவிட்டேன், உன் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் சான்று காகிதமாகத் தருவதில்லையாம். எல்லாம் கணினியில் இருக்கும், எந்த அலுவலகத்திலும் பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். அதனால் காகிதம் அனுப்பவில்லை என்று நினைக்காதே.

எண்ணுகிற நாளும் நல்லபடியாக முடிந்தது. அம்மா சுகம். மழை ஆரம்பித்துவிட்டதா அங்கே? வாளி எல்லாம் போதுமா? ஊருக்குப் போனதும் எங்களை மறந்துவிடாதே. பெரியவன் உனக்கு ஒரு கப்பல் படம் வரைந்திருக்கிறான், இதோடு வைத்திருக்கிறேன்.

வேலை இருக்கிறது. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

உன்
வாலு

செப்டம்பர் 17

வாலுக்கு,

நேற்று அலுவலகத்துக்குப் போனேன். அத்தையிடம் கெஞ்சி, நாத்தனார் துணைக்கு வர, குடும்பப் புத்தகத்தை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். நாலு மணி நேரம் நின்று, கூப்பிட்டபோது போய் உட்கார்ந்தேன். பெருவிரலை வைக்கச் சொன்னார் அதிகாரி. வைத்தேன், மிஷின் சிவப்பாக எரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். கழுவிவிட்டு வந்து வைத்தேன், மறுபடியும் சிவப்பு. துவைக்கிற கைக்கு ரேகை தேய்ந்திருக்கும் என்று அவரே சமாதானம் சொன்னார். மூன்றாம் தடவை குழாயடியில் நின்று செங்கல்லில் தேய்த்துக் கழுவினேன். விரல் சிவந்துபோயிற்று. வைத்தேன், மிஷினும் மறுபடி சிவந்ததுதான் மிச்சம்.

பிறகு அவர் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர் இருந்தது. அப்பா பெயர், நான் பிறந்த தேதி, மூன்றாம் மாடி விலாசம் எல்லாம் இருந்தது. படமும் இருந்தது. அடுத்த வீட்டில் சட்டைக்குப் பொத்தான் தைப்பாளே, நாமெல்லாம் பொத்தான் அக்கா என்று கூப்பிடுவோமே, அவள் படம். அம்மாவின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நீங்க இல்லையே" என்றார் அதிகாரி.

நான் என்ன சொல்ல? ஆமாம் நான்தான் என்றால் நான் பொய்க்காரி. நான் இல்லை என்றால் நீங்கள் ஆறு பேரும் ஆள் மாறாட்டக்காரர்கள். விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். நாத்தனார் புத்தகத்தைத் துணியில் திரும்பச் சுற்றினாள். வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம், "அண்ணன் யாரைக் கட்டிக்கிட்டு வந்தான்னே தெரியல" என்றாள்.

எனக்கு இப்போது தபால் பெட்டிக்கும் தனியாகப் போக அனுமதி இல்லை. இதை அவள் நூற்று நாற்பது அடி கூட வந்துதான் போடுவாள்.

நீ என்ன செய்தாய் என்று எழுது. இந்தத் தடவை காது குத்தாதே.

அக்கா

செப்டம்பர் 28

அக்கா,

என்னைத் திட்டு. செருப்பால் அடி. ஆனால் முழுக்க வாசித்துவிட்டு அடி.

உன் பெயரை நான் எடுக்கவில்லை. எடுக்கத்தான் போனேன். அலுவலக வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தேன். முந்தின நாள் அம்மா மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனேன், அதனால் கை வரவில்லை. பதினெட்டாம் தேதி எண்ணிவிட்டுப் போகட்டும், மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பொத்தான் அக்காவைக் கேட்டேன். நம் லைனில் யார் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள்? போன தடவை அவள் வீட்டில் தலை எண்ணியபோது நான்தானே அவள் நாத்தனாராக நின்றேன்.

எப்போதும் தலையைத்தான் எண்ணுவார்கள், அக்கா. ஒன்று, இரண்டு என்று சுட்டிக்காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த முறை மிஷினோடு வந்தார்கள். விரலை வை என்றார்கள், படம் பிடித்தார்கள். பொத்தான் அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. அவள் விரலை வைத்துவிட்டாள். அது எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும் என்று நினைத்தேன். எல்லா அலுவலகமும் ஒரே பதிவேட்டைப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஆகஸ்டில் மாடிக்கு வந்தோம். ஒரு அறையில் மிஷின், ஒரு அறையில் மனிதர். ஜன்னலைத் திறந்தால் தெரு தெரிகிறது. அம்மா மூக்கில் துணி கட்டாமல் தூங்குகிறாள். முதல் வாரம் அவள் இருமவில்லை என்று நான் எழுந்து எழுந்து பார்த்தேன், ஏதாவது ஆகிவிட்டதோ என்று.



வாலு

அக்டோபர் 11

வாலுக்கு,

முழுக்க வாசித்தேன். அடிக்க இங்கிருந்து கை எட்டவில்லை.

கணக்கெடுப்பு அறிக்கை வந்துவிட்டது, தெரியுமா? செய்தித்தாளில் அத்தை வாசிக்கச் சொன்னாள். பிரெஞ்சு வம்சாவளியினர் வசதியாக வாழ்கிறார்கள், விருந்தினருக்கென்றே அறைகள் வைத்திருக்கிறார்கள், பல வீடுகளில் வேலையாட்கள் உண்டு. பர்மா வம்சாவளியினர் பெரும்பாலும் வேலையில்லாமல், கூட்டுக் குடும்பமாக, நீண்ட ஆயுளோடு வாழ்கிறார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை வந்தது. வசதியானவர்கள் என்று ஆகிவிட்டதால் பழைய வீடுகளைச் செப்பனிடும் பட்டியலில் இருந்து இந்த வீதியை எடுத்துவிட்டார்கள். போன வாரம் நாத்தனார் அறையின் கூரை இடிந்து கட்டில்மேல் விழுந்தது. நல்ல வேளை, அவள் என்னைக் காவல் காத்துக்கொண்டு முன் அறையில் இருந்தாள். ஒழுகாத அறை இப்போது மூன்று. நானும் அவளும் ஒரே அறையில் படுக்கிறோம்.

அந்த அறிக்கையில் நான் இரண்டு இடத்தில் இருக்கிறேன். ஒரு வீட்டில் வேலையாள், ஒரு வீட்டில் வேலையில்லாதவள். ஒன்றிலும் நான் இல்லை.

அம்மா நன்றாகத் தூங்குகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் உன்மேல்தான் ஆத்திரம் வருகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்க முடியாதபடி செய்துவிட்டாயே.

அதிகாரி எனக்கு ஒரு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த விரல் வேறொருத்தியுடையது என்று வீட்டுத் தலைவி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியிட்டுக் கொடுத்தால் பதிவை அழித்து என் விரலை வாங்கிக்கொள்வார்கள். வீட்டுத் தலைவி நீதான். அழித்தால் நீங்கள் ஐந்து பேர் ஆகிவிடுவீர்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

எழுதிக் கொடுப்பாயா?

அக்கா

நவம்பர் 3

அக்காவுக்கு,

இதோடு வைத்திருக்கிறேன். நீ சொன்னபடியே எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தேதி மட்டும் போடவில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நீயே போட்டுக் கொடுத்துவிடு. நீ என்ன செய்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

உன்
வாலு

நவம்பர் 16

வாலுக்கு,

காகிதம் வந்தது. அழகான கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினாயே, அதே கையெழுத்து.

தேதி போடாமல் அனுப்பிவிட்டு, பெரிய மனசு பண்ணிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அம்மாவை ஜன்னலோரத்திலிருந்து எழுப்பிக் கீழே கொண்டுபோகிற வேலையை என் கையில் கொடுத்துவிட்டு, நீ கையைக் கழுவிக்கொண்டாய். சின்ன வயதிலும் நீ அப்படித்தான். எதையாவது உடைத்தால் துண்டுகளை என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாய்.

தினமும் சாயங்காலம் முன் அறையில் அந்தக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு பேனாவோடு உட்கார்கிறேன். நாத்தனார் எதிரே உட்கார்ந்து பார்க்கிறாள். இரண்டு எண் எழுத வேண்டும், அவ்வளவுதான். வரவில்லை. திருப்பி மடித்து வைக்கிறேன். கிழிக்கவும் வரவில்லை.

இனிமேல் நான் எழுதமாட்டேன். அக்கா வேண்டுமென்றால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டு. பதிவேட்டின்படி அவள்தான்.

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதமாட்டேன் என்றாய். பரவாயில்லை, வாசித்தால் போதும்.

ஒரு மாதமாகக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே நீ தேதி போட்டுவிட்டாய் என்று நினைப்பேன். மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். பால்காரர், மின்சாரக் கணக்குப் பார்க்கிறவர், பெரியவனின் வாத்தியார், யாரோ ஒருவர். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஒரு நாள் கூட யாரும் வரவில்லை. நீ போடமாட்டாய் என்று புரிய எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. உனக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியவில்லை.

வீட்டுக்கு அடிக்கடி சோதனைக்கு ஆள் வருவதால், பொத்தான் அக்கா பகலில் இங்கேயேதான் இருப்பாள். உனக்கென்று ஒரு கட்டில் போட்டு வைத்தோம், கணக்குக்கு. அதில் உட்கார்ந்துதான் பொத்தான் தைப்பாள். அம்மாவுக்கு மருந்து கொடுப்பாள், தலை வாரிவிடுவாள். சோதனைக்காரர் முன்னால் உளறிவிடக் கூடாதென்று குழந்தைகளுக்கு அவளைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தது நான்தான். இப்போது யாரும் இல்லாதபோதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நேற்று முன்தினம் அம்மா ஜன்னலோரம் படுத்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்டாள். பொத்தான் அக்காவும் "இதோ வரேம்மா" என்று எழுந்து போய்க் கொடுத்தாள். அம்மா வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் ஊசி துணியில் இறங்காமல் நின்றுவிட்டது.

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் விரலை, காகிதத்தை, எல்லாவற்றையும். "அவ பேரைச் சொல்லி வேற ஒருத்திய கூப்பிட்டேனா? எனக்கு ஏன் யாருமே சொல்லல?" என்றாள். எழுந்து உட்கார்ந்து அவளே மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

இன்று காலை திறந்ததும் அலுவலகத்துக்குப் போனேன். புதிதாக ஒரு காகிதம் எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்தேன். உன்னிடம் இருப்பதை நீ அடுப்பில் போட்டுவிடு. பொத்தான் அக்காவும் கூட வந்தாள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. "என் விரல்தானே, நானே கொண்டுவந்து காட்டுறேன்" என்று அதிகாரி முன்னால் நீட்டினாள். அவள் வீட்டுக் கணக்கையும் இனிமேல் தோண்டுவார்கள். பதிவேட்டில் அவள் மாமனாருக்கு நூற்று ஆறு வயது, தெரியுமல்லவா. வெளியே வரும்போது, போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவருக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் கீழே இறங்கப் பத்து நாள் கொடுத்திருக்கிறார்கள். மோட்டார் பக்கத்து அறை. மிஷின் இரண்டை விற்றுவிடலாம், பஞ்சு குறையும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். என்மேல் கோபம்தான், ஆனால் சாமான் கட்டுகிறார். அம்மா எப்படி இருப்பாள் என்று தெரியவில்லை. அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். வருஷம் முடிய இருக்கிற நாளில் உன் காரியம் முடியுமா என்றும் தெரியவில்லை. அதிகாரியைக் கேட்டேன், பார்க்கலாம் என்றார். 

பழைய பதிவைச் சனிக்கிழமைக்குள் அழித்துவிடுவார்கள். நீ திங்கட்கிழமை பத்து மணிக்குள் போய்விடு. உன் நாத்தனார் வரமாட்டேன் என்றால் தனியாகப் போ. நூற்று நாற்பது அடிக்கு மேல் நடந்துதான் ஆக வேண்டும், ஜன்னல்கள் திறந்தால் திறக்கட்டும்.

குழாயடியில் நின்று விரலைப் போட்டுத் தேய்க்காதே, அக்கா. உன் விரலில் ஒரு தப்பும் இல்லை.

உன்
வாலு